மல்லாட்டை மேல் விழுந்த பழி

ஆரணியில் முருகேசனின் பட்டுக்கடைக்கு வரும் பெண்கள் படியேறும்போதே ஹேமநாத்தைத் தேடுவார்கள். "கட்டிக் காட்டுவாரே, அந்தத் தம்பி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மெத்தை விரிப்பில் உட்காருவார்கள். ஹேமநாத்துக்கு முப்பத்தைந்து வயது. ஒல்லியான, நெடிய உடம்பு. சட்டை பேன்ட்டுக்கு மேலேயே இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, புடவையை ஒரே உதறில் பிரித்து, கொசுவத்தை அடுக்கிச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லத் திரும்பி நிற்பான். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் தன் பெண்ணையே அங்கே பார்ப்பாள். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவன் பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த உடம்புதான் ஒரு பங்குனி மாதத்தில் அவனைக் கைவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனும் மனைவி சத்யப்ரியாவும் பெரணமல்லூருக்குப் போயிருந்தார்கள். சத்யப்ரியாவின் அம்மா பாஞ்சாலை அங்கே தனியாக இருந்தாள். கணவர் இறந்த பிறகும் ஒன்றரை ஏக்கர் கொல்லையை விடாமல் தானே பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேர்க்கடலை பிடுங்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மண் வாசனை போகாத மல்லாட்டையை ஒரு குண்டான் நிறைய உப்புப் போட்டு அவித்து வைத்தாள் பாஞ்சாலை. மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு. மாப்பிள்ளை இரண்டையும் ஒரு கை பார்த்தான்.

மறுநாள் காலையில் குளிக்கப் போனவன் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் தடித்துக் கிடந்ததைக் கண்டான். ஒவ்வொரு தடிப்பும் ஓரம் சிவந்து, நடு வெளுத்து, தொட்டால் சூடாக இருந்தது. அரிப்போ சொல்லி முடியாது. "காணாக்கடி மாப்ள, கண்ணுல படாத பூச்சி ஏதோ கடிச்சிருக்கும், ஒண்ணுமில்ல" என்று பாஞ்சாலை வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தாள். கம்பளியால் தேய்த்துவிடச் சொன்னாள். மத்தியானத்துக்குள் தடிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது.

மூன்றாம் நாள் ஆரணியில் மறுபடி வந்தது. அதற்கப்புறம் வராத நாளே இல்லை.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் போனான். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். ஊசி போட்ட அன்றைக்கு அடங்கும், மறுநாள் பழையபடி கிளம்பும். மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டான். போட்டால் தூக்கம்தான் வந்தது. அப்புறம் மருந்துக் கடைக்காரர் ஒருவர் தாமாகவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். அது மந்திரம் போட்டது மாதிரி கேட்டது. விட்டால் இரண்டு மடங்காக வந்தது. விடாமல் போட்டதில் முகம் உப்பி, கன்னம் தொங்கி, கடைக் கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் அவனுக்கே தோன்றியது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கத்திரிக்காய் ஆகாது என்றார்கள். புளி ஆகாது, முட்டை ஆகாது என்றார்கள். சோப்பை மாற்று, தண்ணியை மாற்று, பட்டுச் சாயமே உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஹேமநாத் ஒவ்வொன்றாக விட்டான். சத்யப்ரியா புளியில்லாத ரசமும் காரமில்லாத கூட்டும் வைத்து, அதையே தானும் சாப்பிட்டாள். ஆனால் மனசுக்குள் அவனுக்கு ஒரு முடிவு இருந்தது. எல்லாம் பெரணமல்லூரில்தானே ஆரம்பித்தது? அந்த மல்லாட்டையும் அந்தக் கருவாடும்தான் உடம்புக்குள் ஏதோ விஷத்தை விதைத்துவிட்டன. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே நினைத்து, அவனாகவே நம்பினான்.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, போளூரிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தது. அரக்குச் சிவப்பில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். கழுத்தில் சுருக்கென்று கிளம்பியது. காலரைத் தாண்டிக் காதுவரைக்கும் தடிப்பு ஏறுவது எதிரே இருந்த கண்ணாடியில் தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயே, இன்னா அது? தொத்து வியாதியா? அந்தப் பொடவை வேணாம்மா, வேற எடுக்கச் சொல்லு."

சின்னக் குரலில்தான் சொன்னாள். ஆனால் கடை முழுக்கக் கேட்டது. அன்று சாயங்காலம் முருகேசன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பொல்லாதவர் இல்லை. சொல்வதற்கே கூச்சப்பட்டார்.

"கொஞ்ச நாளைக்கு உள்ள மடிப்பு வேலை பாருப்பா. உடம்பு தேறட்டும். சம்பளத்துல ஒண்ணும் கை வெக்க மாட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எழுந்தபோது கீழுதடு வீங்கித் தொங்கியது, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அந்தக் கோலத்தில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் பாஞ்சாலை வந்து நின்றாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். கையில் மஞ்சள் பை.

"இன்னாங்கத்தே அது?" என்றான் ஹேமநாத்.

"மல்லாட்டைங்க மாப்ள. சத்யாவுக்குப் புடிக்குமேன்னு வறுத்து எடுத்தாந்தேன். ஐயோ, இன்னா மொகமெல்லாம்..."

"இத்தத் துன்னுதான் இப்டி ஆச்சு. நல்லாப் பாத்துக்குங்க. கடையில என்னை உள்ள தள்ளிட்டாங்க, தெரியுமா? இனிமே உங்க ஊட்லருந்து ஒரு பொருளும் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

தண்ணீர்ச் செம்போடு வந்த சத்யப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். பாஞ்சாலை முகத்தில் கோபம் வரவில்லை. பையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"சரிங்க மாப்ள. உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. மகளோடு போனில் பேசினாள், அதுவும் மாப்பிள்ளை கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. சத்யப்ரியா அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹேமநாத் சண்டை போட்டிருப்பான், சண்டையில் ஏதாவது கரைந்திருக்கும். அவள் கேட்கவே இல்லை. தினமும் சாயங்காலம் தடிப்பு கிளம்பும்போது ஈரத் துணியைப் பிழிந்து அவன் முதுகில் போட்டாள். அவன் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் இருக்க நகத்தை வெட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

இப்படியே இன்னொரு பங்குனியும் வந்து போனது. ஐப்பசியில் ஒரு நாள் கடையில் மடித்துக்கொண்டிருந்தவனுக்கு நாக்கு கனத்தது. பேச வாயெடுத்தால் குழறியது. முருகேசன் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

"ஜல்தி ஏறுப்பா வண்டியில!" என்று தானே காரை எடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு அவனைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஊசி போட்டார்கள். ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தார்கள். காலையில் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர், "இதை இனிமே தள்ளிப்போடாதீங்க. வேலூர்ல தோல் டாக்டருக்கு எழுதித் தர்றேன்" என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு டாக்டரின் பெயர் காவ்யா. அவருக்கும் ஹேமநாத்தின் வயதுதான் இருக்கும். அவர் அவசரப்படாமல் கேட்டது ஹேமநாத்துக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. எந்த நேரத்தில் வருகிறது, ஒரு தடிப்பு எத்தனை மணி நேரம் இருக்கிறது, போனபின் தழும்பு விடுகிறதா, காய்ச்சல் உண்டா, மூட்டு வலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சத்யப்ரியா போனை நீட்டினாள். அதில் அவன் முதுகும் கையும் கழுத்துமாக நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன, தேதியோடும் நேரத்தோடும். அவள் இத்தனை எடுத்து வைத்திருந்தது ஹேமநாத்துக்கே தெரியாது.

"பிரமாதம்மா" என்றார் டாக்டர். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க."

பிறகு அவனைப் பார்த்து, "உங்களுக்கு எதனாலன்னு தோணுது?" என்றார்.

ஹேமநாத் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். விட்டுவிட்ட பொருள்களின் பட்டியல். இருபத்துமூன்று இருந்தன. டாக்டர் மேலிருந்து கீழே படித்தார்.

"மல்லாட்டைக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டிருக்கீங்க?"

"அதாங்க ஆரம்பம். அதுவும் கருவாடும்."

"அதை நிறுத்தி எவ்ளோ நாள் ஆச்சு?"

"ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆவுதுங்க. ஒரு பருப்பு வாயில வெக்கல."

"சரி. நிறுத்தினப்புறம் தடிப்பு நின்னுச்சா?"

டாக்டர் கையிலிருந்த பட்டியலை ஹேமநாத் எட்டிப் பார்த்தான்.

"கொறஞ்சுதாவது போச்சா?"

"இல்லீங்க."

"அப்போ அது மேல எப்படிப் பழி போடுறது?" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "சாப்பாடு ஒத்துக்காம வர்றது சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வரும், சீக்கிரம் போயிடும், சாப்பிட்டா மட்டும் வரும். உங்களுக்கு அப்படியா இருக்கு? சாப்பிட்டாலும் வருது, பட்டினி கிடந்தாலும் வருது."

"பின்ன யாருங்க காரணம்?"

"யாரும் இல்லைங்க. நம்ம தோலுக்கடியில காவலுக்குன்னு சில செல்கள் இருக்கு. திருடன் வந்தா விசில் ஊதணும். உங்களுக்கு அதுங்க திருடனே வராம விசில் ஊதிகிட்டு இருக்கு. ஏன்னு கேட்டா, உடம்பே உடம்பைத் தப்பாப் புரிஞ்சுக்கிறதுதான். இது தொத்து வியாதி இல்ல. உங்க வேலையால வரல. யாரும் உங்களுக்கு எதுவும் குடுத்து வரல."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியில் சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மருந்துக் கடைக்காரர் கொடுத்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்று சொல்லி, அதை ஒரேயடியாக நிறுத்தாமல், தான் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். அரிப்பு மாத்திரையை வந்தாலும் வராவிட்டாலும் தினம் போட வேண்டும் என்றார். கேட்காவிட்டால் அளவைக் கூட்டுவேன், அதையும் நான்தான் கூட்டுவேன், நீங்களாகத் தொடக் கூடாது என்றார். கையில் ஒரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அரிப்புக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, தடிப்புக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எழுத வேண்டும். வாரத்துக்கு மொத்தம் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு என்றால் ரொம்ப மோசம். பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. சத்யப்ரியா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா ரெண்டு பட்டமா மல்லாட்டையே போடலைங்க. உளுந்துதான் போடுறாங்க."

"ஏன்?"

"ஏன்னா? மாப்ளைக்கு ஆகாதத நான் எதுக்கு வெளைய வெக்கணும்னாங்க. கருவாடுகூட ஊட்ல வாங்குறது இல்ல. நான் சொன்னா நீங்க கத்துவீங்கன்னு சொல்லல."

ஹேமநாத்துக்குத் தடிப்பு வராத இடத்தில் எரிந்தது. ஒரு டாக்டர் இரண்டே கேள்வியில் உடைத்துப்போட்டதை, ஒன்றரை வருடமாகத் தன்னைத் தானே ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. காரணம் என்று ஒருவர் கையில் கிடைத்தால் வலி கொஞ்சம் லேசாகிறது. அதற்காகத்தான் அந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உடம்பு சரியான பிறகு போகலாம் என்றாள் சத்யப்ரியா. அவன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரணி மார்க்கெட்டில் இரண்டு படி பச்சை மல்லாட்டை வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அவனே தனியாகப் பெரணமல்லூர் பஸ் ஏறினான்.

பாஞ்சாலை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். முதலில் அவளுக்கு பயம்தான் வந்தது.

"இன்னா மாப்ள, சத்யா எங்க? நல்லாத்தான கீறா?"

"நல்லாக் கீறாங்கத்தே. நான்தான் வந்தேன். இத்த அவிச்சுக் குடுங்க."

பையைப் பிரித்துப் பார்த்த பாஞ்சாலை, சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாப்ள. எங்கிட்ட இத்தக் கேக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்பொண்ணு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

ஹேமநாத் அவளை உட்காரவைத்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான். விசில் ஊதும் காவல்காரனைப் பற்றிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை. கடைசியில் அவன் சொன்னான்:

"அத்தே, ஒண்ணு மட்டும் கேளுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு வரும். இத்தத் துன்னாலும் வரும், துன்னலைன்னாலும் வரும். அப்ப நீங்க பயப்படக் கூடாது. உங்க மேல நான் போட்டது பொய்ப் பழி. அத்த நான்தான் எடுக்கணும்."

பாஞ்சாலை எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மல்லாட்டை அவிந்தது. அவன் உரித்து உரித்துத் தின்றான். அவள் எதிரே குந்திக்கொண்டு அவன் உதட்டையே பார்த்தாள். ஒவ்வொரு பருப்பும் உள்ளே போகும்போது அவள் தொண்டையும் அசைந்தது. பத்து நிமிடம் போனது, அரை மணி போனது. ஒன்றும் ஆகவில்லை. "நீங்களும் எடுங்கத்தே" என்றான். தயங்கி ஒன்றை எடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் அதை மென்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு அவன் சொன்னபடியே வந்தது. முன்கையில் தொடங்கி, தோளுக்கு ஏறி, முதுகில் பரவியது. பாஞ்சாலை, "ஐயோ, நான் சொன்னேன், நான் அப்பவே சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஹேமநாத் சொறிவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான்.

"இங்க பாருங்க. இது நேத்து, அஞ்சு பத்து. இது அதுக்கு மொதநாள், அஞ்சு மணி. அன்னைக்கு நான் கஞ்சிதான் குடிச்சேன். இது போன மாசம். இது சித்திரையில. பாருங்கத்தே, எல்லாம் ஒரே மாதிரி. நீங்களும் இல்ல, மல்லாட்டையும் இல்ல."

சத்யப்ரியா எடுத்து அவன் போனுக்கு அனுப்பிவைத்த படங்கள். மகள் இருநூறு நாள் விடாமல் எடுத்ததைப் பாஞ்சாலை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். பாதியில் அவள் அழுகை நின்றது. போனை வைத்துவிட்டு எழுந்து போனவள், பானைத் தண்ணீரில் ஒரு பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ள" என்றாள்.

அந்த ஈரத்துணி முதுகில் விழுந்தபோது ஹேமநாத் குனிந்து உட்கார்ந்திருந்தான். "என்னை மன்னிச்சிடுங்கத்தே" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "அட, வுடுங்க மாப்ள. அரிப்புல இருக்குறவன் இன்னா பேசுவான்? இன்னா பேச மாட்டான்?" என்றாள் அவள். அவள் கை வேலையை நிறுத்தவில்லை. அதைவிடப் பெரிய மருந்து அதுவரை யாரும் தனக்குத் தரவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் தடிப்பு என்னவோ போகவில்லை.

மாத்திரையை டாக்டர் ஒன்றிலிருந்து இரண்டாக்கினார், இரண்டிலிருந்து நான்காக்கினார். வெள்ளை மாத்திரை மெல்ல மெல்ல நின்றது, முகம் பழைய முகமானது. ஆனால் வாரத் தாளில் எண் முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. தை மாதம் டாக்டர் தாள்களை எல்லாம் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாத்திரைக்கு இது கேக்காது. ஊசிக்குப் போயிடலாம். நாலு வாரத்துக்கு ஒரு தடவை. ஸ்டீராய்டு இல்ல, வேற வகை. விசில் ஊதச் சொல்லித் தூண்டி விடுற ஆளையே புடிச்சுக் கட்டிப்போடுற மருந்துன்னு வெச்சுக்குங்க. நிறைய பேருக்குக் கேக்குது, எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒரு வாரத்துல தெரியும், சிலருக்கு மாசக் கணக்காகும். பொறுமையா இருக்கணும்."

மருந்தின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. விலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியின் உதவிப் பிரிவில் மனு எழுதிக் கொடுத்தார்கள், பெரும் பாரம் அங்கே இறங்கியது. மீதிக்கு முருகேசன், "அத்த நான் பாத்துக்கிறேன், நீ போய் ஊசியப் போட்டுக்க" என்று பேச்சை முடித்துவிட்டார்.

முதல் ஊசி அன்று பாஞ்சாலையும் கூட வந்தாள். கமலம் என்கிற நர்ஸ் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார். ஏதாவது மூச்சு முட்டினால், உதடு வீங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்றார். அந்த இரண்டு மணி நேரமும் பாஞ்சாலை மாப்பிள்ளையின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நர்ஸ் கமலம் வந்து, "நீங்க பாக்குற பார்வைக்கு நான் எதுக்கு இங்க?" என்று சிரித்தார்.

முதல் மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்துமூன்று. ஹேமநாத் இரவில் புரண்டான். இதுவும் போச்சு என்று ஒரு நாள் தாளைக் கிழிக்கப் போனான். சத்யப்ரியா பிடுங்கி வைத்துக்கொண்டாள். "டாக்டர் மாசக் கணக்குன்னு சொன்னாங்க இல்ல? கம்முனு போட்டுக்குங்க. பேஜார் பண்ணாதீங்க."

இரண்டாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள். கடையில் மடித்துக்கொண்டிருந்தான். வெளியே விளக்குப் போடும் நேரமாகிவிட்டது என்று தலைநிமிர்ந்தவனுக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. மணியைப் பார்த்தான். ஆறே கால். சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தான். காலரை இழுத்துப் பார்த்தான். பொத்தானைக் கழற்றி வயிற்றைப் பார்த்தான். வெறும் தோல். அவனுடைய தோல். எத்தனையோ காலமாகப் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

அந்த வாரம் பதினொன்று. அடுத்த வாரம் நான்கு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு பூஜ்யம். சத்யப்ரியா அந்த முட்டையைத் தாளில் பெரிதாகப் போட்டாள், போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பங்குனி முகூர்த்தத்துக்கு முருகேசன் அவனை முன்னால் கூப்பிட்டார். அவரே நாடாவை எடுத்துக் கொடுத்தார். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை வைத்த புடவை. ஒன்றரை வருடத்துக்கு மேல் விட்டுப்போன வேலை. விரல் மறந்திருக்குமோ என்று நினைத்தான். மறக்கவில்லை. முந்தானை தோளில் விழுந்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. வந்திருந்த பெண்கள் புடவையைத்தான் பார்த்தார்கள். அவனை யாரும் பார்க்கவில்லை. அதற்காகவே அவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழலாம் போலிருந்தது அவனுக்கு.

எல்லாம் ஒரே நேர்கோடாகப் போய்விடவில்லை. ஐந்தாவது ஊசிக்கு நான்கு நாள் இருக்கும்போது தொடையில் மறுபடி தடித்தது. ஹேமநாத் டாக்டரிடம் ஓடினான். "ஊசியோட பலம் தீர்ற சமயம், சிலருக்கு இப்படி எட்டிப் பார்க்கும். பயப்படாதீங்க" என்றார் அவர். ஊசி போட்டதும் அது அடங்கியது. இது அடியோடு போகுமா என்று கேட்டான். பல பேருக்குச் சில வருடத்தில் தானாக அடங்கும், எப்போது என்று சொல்ல முடியாது, அதுவரை பிடித்து வைத்திருப்போம் என்றார் டாக்டர். பொய் சொல்லாத அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது நன்றி சொல்ல நினைத்து, நாலைந்து வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான். கடைசியில், "மேடம், இப்பல்லாம் ராத்திரி நான் தூங்குறேன்" என்றுதான் வாயில் வந்தது. டாக்டர் காவ்யா பேனாவை வைத்துவிட்டு, "அது போதும்" என்றார்.

ஆடிப்பட்டத்துக்குப் பாஞ்சாலை கொல்லை முழுக்க மல்லாட்டை விதைத்தாள். ஹேமநாத் ஒரு நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு விதைக்கப் போனான். ஏர் பின்னால் விதை போட அவனுக்குத் தெரியவில்லை, ஒரு சாலில் நெருக்கியும் ஒரு சாலில் இடைவெளி விட்டும் போட்டான். பாஞ்சாலை பின்னாலேயே வந்து காலால் மண்ணைத் தள்ளிச் சரிசெய்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் கடைவீதியில் தண்ணீர் தேங்கியதால் முருகேசன் சீக்கிரமே கதவைச் சாத்திவிட்டார். ஹேமநாத் வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கணுக்காலில் சுருக்கென்று அரித்தது. அவன் டீயைக் கீழே வைத்தான். குனிந்து பார்த்தான்.

ஒரே ஒரு தடிப்பு. மிளகு அளவு. அதன் பக்கத்திலேயே ரத்தம் குடித்து வயிறு பெருத்த கொசு ஒன்று பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

"சத்யா! இங்க வா, ஜல்தி வா!"

சத்யப்ரியா கரண்டியும் கையுமாகப் பதறி ஓடி வந்தாள். "இன்னாங்க? மறுபடி வந்துடுச்சா?"

"கொசு கடிச்சிருக்குது" என்றான் ஹேமநாத். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "பாரு, கொசுதான். வெறும் கொசு!"

அவள் குனிந்து பார்த்தாள். கொசுவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். கரண்டியாலேயே அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க? எனக்கு உசுரே போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவளும் அங்கேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கொசு எழும்பி மழை இருட்டுக்குள் போனது. ஹேமநாத் கணுக்காலை நகத்தால் ஆசை தீரச் சொறிந்துகொண்டான்.